எக்ஸ்ரே பார்த்த கட்டு வைத்தியர்

என் அப்பா, நான் நைனா என்று கூப்பிடுபவர், எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடும் நாட்டு வைத்தியர். அம்மா சித்தூர் அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸ். கங்காதர நெல்லூரில் எங்கள் வீட்டின் முன்பக்கம் நைனா கட்டுக்குப் பூசும் உளுந்து மாவும் முட்டையும் வாடையடிக்கும், பின்பக்கம் அம்மாவின் டிஞ்சர். எந்த ஊர் ஆந்திராவுக்கு, எது மெட்ராசுக்கு என்று பஸ்ஸில் பெரியவர்கள் கத்திக்கொண்டிருந்த காலம். எங்கள் வீட்டின் எல்லை சமையலறை வாசற்படி. காய்ச்சல் வந்தால் அம்மாவின் மாத்திரையை விழுங்கி, மேலே நைனாவின் கஷாயத்தையும் குடிப்பேன். எதனால் குணமானது என்று கேட்டால், கேட்பவரைப் பொறுத்துப் பதில் சொல்வேன்.

பத்து வயதில் மாமரத்திலிருந்து விழுந்து இடது கையை முறித்துக்கொண்டேன். நைனா கட்டுப் போட மூங்கில் பத்தைகளைக் கையில் எடுத்துவிட்டார். அம்மா குறுக்கே வந்து நின்றாள்.

"எக்ஸ்ரே எடுக்காம இவ கையத் தொடக்கூடாது."

"எத்தினி பேருக்குக் கட்டிக்கினு கீறேன்! எம் பொண்ணு கைக்கு போட்டோ புடிக்கணுமா?"

"ஊரார் கைய எப்படினா கட்டுங்க. இவ நான் பெத்தவ."

நைனா பத்தைகளைக் கீழே வைத்தார்.

ஆஸ்பத்திரியில் வெள்ளை வெளேரென்று மாவுக்கட்டுப் போட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் நைனா அதைக் கதவைத் தட்டுவதுபோல் தட்டிப் பார்த்தார். "உள்ள இன்னா நடக்குதுன்னே தெரியலயே. துன்னவும் ஆவாத மாவு!"

மறுநாள் அம்மா வேலைக்குப் போன பிறகு என் விரல்கள் பூரி போல் உப்பி நீலம் பாரித்தன. "ஒடச்சுடு நைனா," என்று அலறினேன். அவர் சுத்தியலைக்கூட எடுத்துவிட்டார். ஓங்கியவர் அப்படியே நின்றார்.

"எலும்பு நவுந்துட்டா இன்னா பண்றது? இதப் பிரிக்கிற வித்த எனக்குத் தெரியாதும்மா." சுத்தியலைப் போட்டுவிட்டு, என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

தெலுங்குக்கார டாக்டர் கட்டை நீளவாக்கில் வெட்டித் தளர்த்தினார். என் விரல்கள் மெல்லச் சிவந்தன. "மஞ்சி பனி சேசாரய்யா. நல்ல வேல செஞ்சீங்க, நல்ல நேரத்துல வந்தீங்க," என்றார்.

நைனா தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அந்த போட்டோவ ஒரு வாட்டி காட்றீங்களா சார்?"

ஜன்னல் வெளிச்சத்தில் அந்தப் படத்தைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றார். "இத்தினி வருசமா தொட்டுக்கினே இருந்தேன். மூஞ்சியப் பார்த்ததே இல்ல."

விஷயம் தெரிந்து ஓடிவந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். "கட்டுப் பிரிச்சதும் எண்ணெய் போட்டு நீவறது உங்க வேல," என்றாள்.

அப்படியே நடந்தது. விறைத்திருந்த மணிக்கட்டு நைனாவின் விரல்பட்டு மெல்ல மடங்கியது. அதன்பின், எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே தெரிய வந்தவர்களை நைனா ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே கட்டுப் பிரித்தவர்களை அம்மா எங்கள் வீட்டுக்கு அனுப்பினாள்.

பல வருஷம் கழித்து நான் திருப்பதியில் டாக்டருக்குப் படிக்கச் சேர்ந்தேன். பஸ் ஏற்றிவிட இருவரும் வந்தார்கள். "எம் பொண்ணு என் தொழிலுக்கே வந்துட்டா," என்று நைனா கண்டக்டரிடம் பீற்றிக்கொண்டார்.

"என் தொழிலுக்கு," என்றாள் அம்மா.

கண்டக்டர் விசிலை ஊதினார்.