ஏணிச் செருப்பு

மடியில் மண்வெட்டியைப் போட்டுக்கொண்டு, மொண்ணைக் கத்தியால் அதில் காய்ந்திருந்த சிமென்டைச் சுரண்டிக்கொண்டிருந்தாள் ஸ்டோரக்கா. இரவல் வாங்கிப் போகிறவர்கள் கழுவித் தருகிறேன் என்றுதான் சொல்வார்கள். கழுவியும் தருவார்கள், வாங்குகிறவர் கண்ணில் படும் பக்கத்தை மட்டும். மறுபக்கம் இவள் பாடு.

அன்று அந்த வேலை மலைபோல் குவிந்திருந்தது. கட்டுமானக் கம்பெனியின் ஸ்டோருக்குத் தெருவைப் பார்த்து ஒரு ஜன்னல் உண்டு. அந்த ஜன்னல் வழியாகத்தான் ஊர் முழுக்க மண்வெட்டியும் தள்ளுவண்டியும் தார்ப்பாயும் இரவல் போய்க்கொண்டிருந்தன. நாளை முதல் இரவல் இல்லை, வாங்கியதை இன்றைக்குள் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்று ஒரு பலகை மாட்டியாயிற்று. காலையிலிருந்து ஆட்கள் வந்தபடி இருந்தார்கள்.

இரவல் கொடுப்பது மேஸ்திரி போட்ட சட்டம். மேஸ்திரிதான் கம்பெனிக்கு முதலாளி. இத்தனை லாரியும் கண்ணாடிக் கதவு வைத்த ஆபீசும் வந்த பிறகும் ஊர் அவரை மேஸ்திரி என்றே கூப்பிட்டது. முதன்முதலில் யாரோ வீட்டுக் குளியலறைச் சுவர் கட்டக் கூலிக்குப் போனபோது அவரிடம் சொந்தமாக இருந்தது பூச்சுக் கரண்டி ஒன்றுதான். ஏணியைப் பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கினார். அந்த வேலையில் இவள் சித்தாள், தலையில் மணல் சுமந்தாள். இவள் புருஷன் மேஸ்திரிக்கு அடுத்த கொத்தனார். பிறகு பள்ளிக்கூட மதில் வந்தது. ஒரு வருஷம் மழைத்தண்ணீர் வீடுகளுக்குள் புகுந்து வடியாமல் நின்றபோது, மேஸ்திரி வேலையை எல்லாம் நிறுத்திவிட்டு, இருந்த பம்புகளைத் தெருத்தெருவாக இழுத்துப்போய்த் தண்ணீரை இறைத்தார். யாரிடமும் காசு வாங்கவில்லை. அதற்குப் பிறகு அந்த ஊரில் செங்கல் வைக்க நினைத்தவர்கள் வேறு யாரையும் தேடிப் போகவில்லை. ஆஸ்பத்திரியில் புது வார்டு, பஸ் நிலையம், மார்க்கெட் எல்லாமே இந்தக் கம்பெனி கட்டியதுதான்.

"இரவல் ஏணியில ஏறி வந்தவன் நான். கேட்டு வர்றவங்களை வெறுங்கையோட அனுப்பாதே" என்பார் மேஸ்திரி.

புருஷன் காய்ச்சலில் படுத்து எழுந்திருக்காமலே போனான். அடுத்த வருஷம் இவளுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. மேஸ்திரிதான் கூப்பிட்டு ஸ்டோர் சாவியைக் கையில் கொடுத்தார். "முதுகு போனா என்ன தங்கச்சி, வாய் நல்லாத்தானே இருக்கு? ஸ்டோருக்கு அது போதும்." ஸ்டோருக்குப் பின்னால் ஓர் அறையும் கொடுத்தார்.

அறையில் ஒரு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு தட்டு, ஒரு டம்ளர். பிள்ளை குட்டி இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் ஆட்கள் கூலி வாங்கிக்கொண்டு போய்விட்டால் திங்கட்கிழமை வரை அந்த வளாகத்தில் கம்பியும் ஜல்லியும்தான் துணை. திங்கட்கிழமை காலையில் ஜன்னலைத் திறந்து முதல் ஆளிடம் பேசும்போது குரல் கரகரக்கும். இரண்டு முறை கனைத்தால்தான் வார்த்தை வரும்.

அதற்குத்தான் அவள் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தாள். எதையும் முழுசாகக் கொடுப்பதில்லை. தார்ப்பாய் கேட்டால் தார்ப்பாய் கிடைக்கும், கயிறு கிடைக்காது. "கயிறு எங்க வெச்சேன்னு தெரியலையே, மத்தியானம் வாங்க, தேடி வெக்கிறேன்" என்பாள். டிரில் மெஷின் போகும், துளை போடும் பிட் போகாது. தள்ளுவண்டி போகும், அதன் டயருக்குக் காற்றடிக்கும் பம்பு போகாது. ஒரு தடவை வந்து போக வேண்டிய ஆள் இரண்டு தடவை வருவார். இரண்டாவது முறை அவசரம் குறைந்திருக்கும். மாமியாருக்கு மூட்டுவலி, மருமகனுக்கு வேலை மாற்றம் என்று நாலு பேச்சு பேசிவிட்டுப் போவார்கள். யாருக்கும் நஷ்டமில்லை, யாருக்கும் தெரியவும் தெரியாது என்று நினைத்திருந்தாள்.

மாடிவீட்டு டீச்சர் தார்ப்பாயோடு வந்து சேர்ந்தார்.

"இந்தாங்கக்கா தார்ப்பாய். இந்தாங்க கயிறு. ரெண்டையும் ஒண்ணா கொண்டாந்துட்டேன், தனித்தனியா வாங்கிக்கிறதுன்னா மறுபடியும் வர்றேன்!" என்று சிரித்தார்.

பின்னால் நின்ற பெயின்டரும் சிரித்தான். "அக்கா கடையில எதுவும் ஜோடியா வராது டீச்சர். ஸ்பானர் வாங்கினா நட்டு நாளைக்குத்தான்."

ஸ்டோரக்காவும் சிரித்துவைத்தாள். முகம் சுட்டது. ஊருக்கே தெரிந்த விஷயம் தனக்கு மட்டும் ரகசியமாக இருந்திருக்கிறது. பேச்சை மாற்ற, "டீச்சர், மாமியாருக்கு மூட்டு எப்படி இருக்கு?" என்றாள்.

"அவங்க போயி ஆறு மாசம் ஆச்சேக்கா. சொன்னேனே?" என்ற டீச்சர், மணியைப் பார்த்துவிட்டுக் கிளம்பினார்.

மத்தியானத்துக்கு மேல் இன்ஜினியர் வந்தாள். மேஸ்திரியின் மகள். மேஸ்திரி இப்போது வீட்டோடு இருக்கிறார், கம்பெனி இவள் கையில். சின்ன வயதில் மணல் குவியலில் விளையாடிய பெண், ஸ்டோரக்காவை இன்றும் அத்தை என்றுதான் கூப்பிடுவாள்.

"எல்லாம் வந்துடுச்சா அத்தை?"

"சின்ன ஏணி மட்டும் பாக்கி."

"சலூன்காரர்கிட்டயா? அதை ஆளை விட்டு எடுத்துக்கிறேன். அந்த ஓட்டை ஏணியாலதான் இத்தனையும். பாவம், மனுஷன் கேஸ் போடலை. அடுத்தவன் போடுவான். ஊருக்கு நல்லது பண்ணப்போயி கோர்ட்டுல நிக்க முடியுமா?"

"ஏணி ஓட்டை இல்லம்மா."

"பழசுதானே அத்தை. உங்க மேல தப்பே இல்ல. உங்களுக்கு மாசாமாசம் வர்றது வரும், ரூமும் உங்களுக்குத்தான். நிம்மதியா ரெஸ்ட் எடுங்க."

ஸ்டோரக்கா வாயைத் திறந்தாள். இன்ஜினியரின் போன் அடித்தது. பேசிக்கொண்டே அவள் வண்டியில் ஏறிப் போய்விட்டாள்.

ஏணி ஓட்டை இல்லை என்பது ஸ்டோரக்காவுக்கு எப்படித் தெரியும் என்றால், அதன் கால் இரண்டும் அவள் இடுப்புப் பையில் இருந்தன. அலுமினிய ஏணி மண்தரையில் அப்படியே நிற்கும். டைல்ஸ் தரை என்றால் வழுக்கும். அதற்காக அடியில் மாட்ட ரப்பர் உறை இரண்டு உண்டு, ஆட்கள் அதை ஏணிச் செருப்பு என்பார்கள். சலூன்காரர் கடைக்குப் புதுப் பலகை மாட்ட ஏணி கேட்டு வந்தார். வாசல் டைல்ஸ் என்றும் சொன்னார். செருப்பு அப்போதே பையில்தான் இருந்தது. இருந்தும், "செருப்பை எங்கயோ வெச்சுட்டேன், சாயங்காலம் வாங்க" என்று பழக்க தோஷத்தில் வாய் சொல்லிவிட்டது. அவர் சாயங்காலம் வரவில்லை. செருப்பில்லாமலே ஏறினார். ஏணி சறுக்கி, வலது மணிக்கட்டு உடைந்தது. கத்தரி பிடிக்கிற கை.

ஏணியைக் குற்றம் சொல்வது எல்லோருக்கும் சுலபமாக இருந்தது. இவளும் வாய் திறக்கவில்லை. சொன்னால் தெருவில் பார்த்துத் தலையாட்டுகிற நாலு பேரும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஜன்னலும் போய், அந்தத் தலையாட்டலும் போனால் மிச்சம் என்ன இருக்கிறது?

சாயங்காலம் சாமான்களைச் சுவரில் மாட்டினாள். எந்தச் சாமான் எங்கே என்று தெரிவதற்காக, ஒவ்வொன்றின் உருவத்தையும் சுவரில் சுண்ணாம்பால் வரைந்து வைத்திருந்தாள். எப்போதும் பாதிச் சுவர் காலியாக, வெள்ளைக் கோடுகளாகத்தான் இருக்கும். இன்று மண்வெட்டிக்குள் மண்வெட்டி, ரம்பத்துக்குள் ரம்பம் என்று சுவர் நிறைந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் அவள் அதை அப்படிப் பார்த்ததே இல்லை. எல்லாம் வந்து சேர்ந்துவிட்டன, இனி யாரும் வர வேண்டியதில்லை. சின்ன ஏணியின் கோடு மட்டும் காலியாக இருந்தது.

பழைய ஆணி டப்பாவில் அந்த ரப்பரைப் போட்டு மூடினால் விஷயம் முடிந்தது. போட்டாள், மூடினாள். சோறு வடித்துவிட்டு வந்து, திறந்து எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் காலை, ஆட்கள் வருவதற்கு முன்னால், ஸ்பானரையும் எடுத்துக்கொண்டு சலூனுக்கு நடந்தாள். பொதுவாக அவளைத் தேடித்தான் மற்றவர்கள் வருவார்கள். அவள் யார் வாசலுக்கும் போனதில்லை. சலூன்காரர் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி கூட்டிக்கொண்டிருந்தாள். பலகை சுவரோரம் சாய்ந்திருந்தது, ஏணி அதன் பக்கத்தில்.

ஸ்டோரக்கா இரண்டு முறை கனைத்தாள். ரப்பரை எடுத்து நீட்டினாள்.

"இது அன்னைக்கே என் பையிலதான் இருந்தது. தேடணும்னு சொன்னது பொய். உங்களை மறுபடியும் வரவெக்கத்தான் சொன்னேன்."

சலூன்காரர் ரப்பரையே பார்த்தார். மனைவிதான் துடைப்பத்தைக் கீழே போட்டாள்.

"நான் படிச்சுப் படிச்சு சொன்னேங்க்கா, போய் வாங்கிட்டு வாங்கன்னு. இந்த மனுஷன்தான், 'போனா அந்தக்கா ஒரு மணி நேரம் புடிச்சு உக்கார வெச்சுக்கும், கடையில ஆள் காத்திருக்கு'ன்னுட்டாரு."

"ஏய், சும்மா இரு" என்றார் சலூன்காரர்.

"ஏன், பொய்யா?"

"பொய்யில்ல" என்றாள் ஸ்டோரக்கா. குனிந்து ஏணியின் கால்களில் செருப்பை மாட்டினாள், ஒவ்வொன்றையும் அமுக்கிப் பார்த்தாள். "பலகையைத் தூக்கிக் குடும்மா. நான் ஏறுறேன். நீ ஏணியைப் புடி."

"முதுகோடயா?"

"ரெண்டு படிதான்."

சலூன்காரர் கீழே நின்று இடது கையால் வழிகாட்டினார். "கொஞ்சம் எடது பக்கம்... போதும்... அக்கா, கோணலா இருக்கு."

"உங்க தலைதான் கோணல். நேரா நின்னு பாருங்க."

அவர் சிரித்துவிட்டார். சிரித்ததும் கை வலித்து முகத்தைச் சுளித்தார். நட்டுகளை முறுக்கி முடித்து அவள் இறங்கினாள்.

"உங்க மேல கோபம் இல்லைன்னு சொன்னா பொய்யாயிடும்" என்றார் அவர்.

"கோபம் இருக்கட்டும். இன்ஜினியர்கிட்டயும் நானே சொல்லிடுறேன். ஏணி மேல பழி வேண்டாம்."

"டீ போடுறேன், உக்காருங்க" என்றாள் மனைவி. மரியாதைக்குச் சொல்கிறாளா, மனதாரச் சொல்கிறாளா என்று தெரியவில்லை. ஸ்டோரக்கா வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, ஸ்பானரைப் பையில் போட்டாள். எதையாவது விட்டுவிட்டோமா என்று தரையை ஒருமுறை பார்த்தாள். எதுவும் இல்லை. ஏணியைத் தோளில் தூக்கிக்கொண்டு, நேராகக் கம்பெனி ஆபீசுக்குப் போனாள். கண்ணாடிக் கதவு இன்னும் பூட்டியிருந்தது. ஏணியைச் சுவரில் சாய்த்துவிட்டு, இன்ஜினியர் வரும்வரை படியில் உட்கார்ந்திருந்தாள்.