பின்படிக்கட்டின் பொறுப்பாளர்

தையல் கூடத்தில் காஜா எடுக்கும் அக்காவுக்குக் குரல் கொஞ்சம் பெரிது. ஒவ்வொரு மாடிக்கும் ஒரு தீப் பாதுகாப்புப் பொறுப்பாளர் வேண்டும் என்று அரசு புதுச் சட்டம் கொண்டுவந்ததும், முதலாளி யோசிக்கவே இல்லை.

"மைக் செலவு மிச்சம். நீயே இரும்மா" என்றார்.

அவர் விளையாட்டாகச் சொன்னதை அக்கா நிஜமாகவே எடுத்துக்கொண்டாள். மறுநாளே, பின்படிக்கட்டை அடைத்துக் கிடந்த துணி மூட்டைகளை இழுத்துப்போய் முதலாளியின் அறையில் போட்டாள்.

"நான் எங்கம்மா உக்கார்றது?"

"வழியில மூட்டை கிடந்தா தப்புண்ணே. சட்டம் வந்தாச்சு."

அவர் முணுமுணுத்துக்கொண்டே மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்தார்.

அடுத்த மாதம் இஸ்திரி மேசையில் தீப்பிடித்தது. முன்படிக்கட்டுப் பக்கம் புகை மண்டியது. "எல்லாரும் பின்பக்கம் இறங்குங்க! பையை விடுங்க!" என்று அக்கா போட்ட சத்தத்தில் மொத்தக் கூடமும் கீழே இறங்கியது. செல்போனை எடுக்கத் திரும்பிய முதலாளியைக் காலரைப் பிடித்து இழுத்து வந்தாள்.

தீயை அணைப்பதற்குள் மேசையும் துணிகளும் கருகிவிட்டன. ஆட்களுக்கு ஒரு கீறல்கூட இல்லை. தெருவில் நின்று அக்கா ஆட்களை ஒவ்வொருவராக எண்ணி முடித்தாள். முதலாளி கிழிந்த காலரைத் தடவிப் பார்த்தார்.

"கழட்டிக் குடுங்கண்ணே, தைச்சுத் தர்றேன்."

"நடுத்தெருவுலயா?" என்றார் அவர்.

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன.