பல்லக்காவின் துரை

ஒரு பிடி உலர்ந்த புல்லை மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடி முகர்கிறார் பல்லக்கா. "தூசி வாடை. இது வேணாம்." அடுத்த பிடி. "ம்ம், இது பரவால்ல, பச்சை வாசம் இருக்கு." தன் சாப்பாட்டில் இந்தக் கண்டிப்பெல்லாம் கிடையாது. மதியத்துக்கு டீயும் பன்னும், அதுவும் நின்றுகொண்டே.

பொய்ப்பல் செய்வது அவர் தொழில்; அதனால்தான் எங்களுக்கு அவர் பல்லக்கா. என் வீட்டுக்குக் கீழ்த்தளத்தில் ஒற்றை அறைப் பட்டறை. மேசை முழுக்க பிளாஸ்டர் தாடைகள் வாய் பிளந்து கிடக்கும். இரண்டு மாதமாக அவற்றுக்கு நடுவே ஒரு கூண்டு, அதற்குள் ஒரு கினிப்பன்றி. பெயரில்தான் பன்றி, ஆள் இரண்டு கைக்குள் அடங்கிவிடும். ஊர் மாறிப்போன அவர் தங்கை விட்டுச்சென்ற செல்லம். அங்கே பிஸ்கட்டும் சூரியகாந்தி விதையும் தின்று வளர்ந்ததால் இவர் வைத்த பெயர் துரை.

"முப்பது வருஷமா பல்லு போனவங்களையே பாத்துட்டிருக்கேன். இதுக்கு சாகுற வரைக்கும் பல்லு வளந்துக்கிட்டே இருக்குமாம்! புல்லை அரைச்சு அரைச்சுத்தான் தேயுமாம். என்ன ஒரு ஏற்பாடு பாருங்க!" என்பார். கேட்ட எனக்கும் வாய் பிளந்துதான் போயிற்று.

துரையோ புல்லைத் தொடவில்லை. பல் நீண்டு நாக்கைக் கிழித்தது. கால்நடை மருத்துவர் மயக்க மருந்து கொடுத்துப் பல்லைக் குறைத்தார். "புல்லு தின்னாத்தான் பொழைக்கும். இன்னொரு மயக்கத்தை இது தாங்காதும்மா," என்று சொல்லி அனுப்பினார்.

அங்கேதான் பல்லக்கா சறுக்கினார். மெல்ல முடியாதவர்களுக்காகவே உழைத்த கை அல்லவா? புல்லைப் பொடியாக நறுக்கி, வெந்நீரில் ஊறவைத்துக் குழையக் குழைய ஊட்டினார். மருத்துவர் தலையில் அடித்துக்கொண்டார். "நீளமா, மொரடா குடுங்க. அது கஷ்டப்பட்டு மெல்லணும்!" அன்று மாலை பல்லக்கா என்னிடம், "நானே அதைக் கொல்லப் பாத்தேனே," என்றார்.

பிளாஸ்டர் பொடி நிறுக்கும் தராசில் தினமும் துரையை நிறுத்தார். தொள்ளாயிரம் கிராம் எழுநூற்று எழுபதுக்கு இறங்கியது. வயிறு ஓய்ந்துவிடாமல் இருக்க மூன்று மணிக்கொரு தரம் மருத்துவர் தந்த கூழைச் சிரிஞ்சில் புகட்டினார். சிவப்புக் குடைமிளகாய் ஒரு கீற்று. "நம்மள மாதிரியே இதுக்கும் வைட்டமின் சி ஒடம்புல ஊறாது." அப்புறம் நாலு வகைப் புல், ஒவ்வொன்றாக, துரையின் மூக்கருகே. தாங்காமல், "ஒரு பிஸ்கட் குடுத்தா என்னக்கா?" என்று கேட்டுவிட்டேன்.

"பாசம் பாசம்னு குடுத்துத்தான் இந்த கதி. நீங்க மாடிக்குப் போங்க."

போனேன். ஒரு சின்ன வாய்க்காக ஒரு மனுஷி இவ்வளவு மல்லுக்கட்ட முடியுமா என்று எனக்கு உடம்பே சிலிர்த்தது.

நேற்று மதியம் நான் கீழே இருந்தேன். புதுப் பல்செட் போட்டுப் பார்க்க வந்த பெரியவர் வாயைத் திறந்து உட்கார்ந்திருந்தார். கூண்டிலிருந்து கறுக், கறுக் என்று சத்தம். பல்லக்கா அப்படியே நின்றுவிட்டார். துரையின் வாய்க்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஒரு நீளமான புல்தண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வந்தது.

பெரியவரின் பல்செட்டைக் கையில் பிடித்தபடி கூண்டின் முன் குந்தி உட்கார்ந்தார் பல்லக்கா. துரை மென்று அரைக்க அரைக்க, பல்லக்காவின் கீழ்த்தாடையும் இடமும் வலமுமாக அசைந்துகொண்டிருந்தது.