என் அளவில் ஒரு துப்பாக்கி

கையில் புத்தூர்க் கட்டோடு விமானம் ஏறியவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். மறு கையில் துப்பாக்கிப் பெட்டியோடும் ஏறியவள் அநேகமாக நான் ஒருத்திதான். இப்போதும் சென்னை விமான நிலையத்துக்குப் போனால் அந்த நாள் ஞாபகம் வந்து தனியாகச் சிரித்துக்கொண்டு நிற்பேன். பக்கத்தில் இருப்பவர்கள் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும்.

திருப்பதியில் கல்லூரியில் படித்தபோது என்.சி.சி.யில் எனக்குப் பிடித்த பைத்தியம் இந்தத் துப்பாக்கி சுடுதல். என்னிடமிருந்து தங்கைக்கும் தொற்றிக்கொண்டது. சனி, ஞாயிறு வந்தால் புத்தூரில் பஸ் ஏறி இருவரும் திருப்பதி சுடுதளத்துக்குப் போய்விடுவோம். சொந்தத் துப்பாக்கி எனக்கு மட்டும்தான் இருந்தது. அரசு பஸ் ஓட்டிய நைனா, எந்த வீட்டிலும் எந்த அப்பாவும் செய்யாத காரியமாக, எனக்கு வெளிநாட்டு ரைபிள் ஒன்றை வரவழைத்துக் கொடுத்திருந்தார். லைசென்ஸும் என் பெயரில். தங்கை, ஊரார் கையெல்லாம் பட்டுத் தேய்ந்த பொதுத் துப்பாக்கியில் சுடுவாள். அதிலேயே அவள் என்னை நெருங்கிக்கொண்டிருந்தாள். எனக்கு அது பெருமையாகவும் இருக்கும், வயிறு கொஞ்சம் எரியவும் செய்யும்.

இந்த நிலையில்தான் ஜெர்மனியில் நடக்கும் பயிற்சிக்கு எங்கள் இருவருக்கும் அழைப்பு வந்தது. கடைசி நாள் போட்டியில் தேறினால் அந்தப் பருவம் முழுவதும் அங்கேயே தங்கிப் பழகலாம். என் துப்பாக்கியில் இருவரும் முறை வைத்துச் சுடுவதாக ஏற்பாடு. விசா வந்த சந்தோஷத்தில் அலிபிரியிலிருந்து நடந்தே திருமலை ஏறினேன். ஏறும்போது ஒன்றும் ஆகவில்லை. பெருமாளைச் சேவித்துவிட்டு இறங்கும்போது வழுக்கி விழுந்து வலது கை எலும்பு முறிந்தது. ஊர் ஊரிலிருந்தும் ஜனங்கள் எலும்பு கட்டிக்கொள்ள வரும் புத்தூரில் பிறந்துவிட்டு வேறு எங்கே போவது? மூங்கில் பத்தை வைத்து, பச்சிலையும் முட்டையும் மணக்க மணக்கக் கட்டிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு அழுதேன்.

"நானும் போவலக்கா," என்றாள் தங்கை. "உன்ன உட்டுட்டு எனக்கு இன்னா ஜெர்மனி?"

போக வேண்டும் என்று அவள் கண் சொன்னது. சின்ன வயதிலிருந்து என் பாவாடை, என் சைக்கிள், என் புத்தகம் என்று எல்லாமே பழையதாகித்தான் அவளுக்குப் போயிருக்கிறது. இந்த அழைப்பு ஒன்றுதான் புதிதாக அவள் பெயருக்கே வந்தது. அதுவும் என் கையோடு சேர்ந்து உடைந்துபோவதா?

"நீ சுடப் போறதில்ல. இன்னாத்துக்கும்மா அவ்ளோ தூரம்?" என்று நைனா கேட்டார்.

"துப்பாக்கி எம்பேர்ல கீது நைனா. நான் போனாத்தான் அது எல்லை தாண்டும். அங்கயும் நான் பக்கத்துல நின்னாத்தான் அவ அதத் தொடலாம்."

துப்பாக்கியை வெளிநாடு கொண்டுபோக நைனாவே மனு எழுதிக் கொடுத்தார். போலீஸ் ஸ்டேஷனில் மட்டும் ரைட்டர் என் கட்டையும் மனுவையும் மாறி மாறிப் பார்த்து, "செய்யி விரிகிந்தி, துபாக்கி எந்துகம்மா?" என்று கேட்டார். கை உடைந்தவளுக்குத் துப்பாக்கி எதற்காம். நியாயமான கேள்விதான்.

சென்னையில் சுங்க அதிகாரி பெட்டியைத் திறந்தார். நம்பர் பார்க்க ரைபிளைத் தூக்கினால் அடியில் ஒரு முறுக்குப் பொட்டலம். எங்களுக்கே தெரியாமல் அம்மா வைத்தது. அவர் பொட்டலத்தை ஓரமாக வைத்துவிட்டு நம்பரை லைசென்ஸோடு ஒத்துப் பார்த்தார். பிறகு என் கட்டை மோந்து பார்த்தார். "இதுலதான் சுடப் போறீங்களா?" "இல்ல சார், இவ சுடுவா. நான் கூடப் போற ஆளு." தங்கை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முறுக்கைத் திருப்பிக் கொடுத்து, துன்னுக்கினே போங்க என்று அனுப்பிவைத்தார் அந்தப் புண்ணியவான்.

அங்கே நல்ல குளிர். முதல் இரண்டு நாள் தங்கை சுட்டதைப் பார்த்தால், திருப்பதியில் சுட்டவள் இவள்தானா என்றிருந்தது. குண்டுகள் பலகை முழுவதும் சிதறின. இப்படியே போனால் கடைசி நாள் தேற வழியில்லை. புது இடம், குளிர், பயம் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன் இல்லையா? என் துப்பாக்கியில் இன்னொருவர் சுடுவதை அப்படி உட்கார்ந்து அதுவரை நான் பார்த்ததே இல்லை. அவள் குறி பார்க்கும்போதெல்லாம் கழுத்து கோணிக்கொண்டு நரம்பு புடைத்தது. ரைபிளில் கன்னம் பதிய ஒரு கட்டை உண்டு. திருகைத் தளர்த்தி அவரவர் முகத்துக்குத் தக்கபடி ஏற்றி இறக்கிக்கொள்ளலாம். அது நான் வைத்த இடத்திலேயே இருந்தது. அவளுக்கோ என்னைவிட நீண்ட கழுத்து.

"கட்டைய ஏத்திக்கலயா நீ?"

"அது உன் அளவாச்சேக்கா. கை சேர்ந்ததும் நீ சுடணுமில்ல?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. இவ்வளவு பாடுபட்டு, நாறும் கட்டோடு கடல் தாண்டிக் கொண்டுவந்தது இவள் கழுத்தைக் கோணிக்கொள்ளவா? "பைத்தியமாடி நீ? ரைபிள புடி," என்றேன். அவள் பிடித்துக்கொண்டாள். நான் இடது கையால் திருகுச் சாவியைப் போட்டுத் திருகினேன். வருஷக்கணக்கில் அசையாத திருகு. லேசில் இளகவில்லை. "வேணாம்க்கா, உட்டுடு," என்று அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். நானும் அழுதுகொண்டேதான் திருகினேன். கட்டை கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. அவள் கன்னம் போய் அதில் பதிந்தபோது கழுத்து நிமிர்ந்திருந்தது. அன்று மத்தியானம் அவள் சுட்ட குண்டுகள் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கின.

கடைசி நாள் தேறினாள். அவளுக்கு அங்கேயே ஒரு ரைபிள் கொடுத்தார்கள். என்னுடையதை எடுத்துக்கொண்டு நான் மட்டும் ஊர் திரும்பினேன். அவள் இல்லாத அந்தப் பஸ் பயணங்களை நினைத்தால் இன்றைக்கும் மனசு என்னமோ செய்கிறது.

புத்தூரில் கைக்கட்டைப் பிரித்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை சுடுதளத்துக்குப் போனேன். ரைபிளைத் தோளில் வைத்துக் குனிந்தேன். கட்டை கன்னத்தை இடித்தது, குறி பார்க்கும் துளை கண்ணுக்கு எட்டவில்லை. பக்கத்தில் நின்ற சுடுதளப் பொறுப்பாளர், "கட்டை ஏறிப் போய்க் கெடக்குதே. சரி பண்ணிக்கலயாம்மா?" என்று கேட்டார்.

ரைபிளைப் பெட்டிக்குள் வைத்து மூடினேன்.

"சரியாத்தான் கீது சார்," என்று சொல்லிவிட்டு, பொதுத் துப்பாக்கியை எடுத்துக்கொண்டேன்.