கெம்பம்மாவின் பின்விளக்கு

கெம்பம்மாவிடம் வம்பு வைத்துக்கொண்டவர்கள் யாரும் நிம்மதியாக இருந்ததில்லை. ரோஜாத் தோட்டத்து மேஸ்திரி ஒருநாள் எல்லார் முன்னாலும் அவளை "ஏய்" என்று கூப்பிட்டுவிட்டார். அன்றிலிருந்து அவர் என்ன சொன்னாலும் அவளுக்குக் காது கேட்கவில்லை. கடைசியில் பக்கத்தில் வந்து நின்று "கெம்பம்மா" என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டார். "என்னா மேஸ்திரி?" என்று அப்போதுதான் நிமிர்ந்தாள். இப்படிப்பட்டவளைப் பற்றித்தான் எங்கள் கம்பெனி பஸ் டிரைவர் திருமலை ஒரு பொய்யைச் சொன்னான்.

எனக்கும் கெம்பம்மாவுக்கும் கெலவரப்பள்ளி கால்வாய் ஓரத்தில் ஒரே ஊர், அடுத்தடுத்த தெரு. நான் சிப்காட்டில் வண்டி பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை பார்க்கிறேன். அவள் வீட்டுக்காரன் மாதேஷும் அங்கேதான், மெஷின் ஆபரேட்டர். எங்களுக்குக் கம்பெனி பஸ் உண்டு. கெம்பம்மாவுக்குச் சைக்கிள்தான். மகள் அனுப்ரியாவுக்குப் பள்ளிக்கூடத்தில் அரசாங்கம் கொடுத்த சைக்கிள் அது. மகள் கல்யாணமாகி மாலூர் பக்கம் போனதும் அம்மாவுக்கு வந்தது. வெயில் ஏறுவதற்குள் ரோஜா வெட்டியாக வேண்டும் என்பதால் விடிந்ததுமே அதை எடுத்துக்கொண்டு, பிளாஸ்டிக் கூரைக்கடியில் ரோஜா வளர்க்கும் பாலிஹவுஸுக்குக் கிளம்பிவிடுவாள்.

போன மழைக்காலத்தில் ஒருநாள் காலை, கால்வாய் ரோட்டில் திருமலை ஓட்டிவந்த எங்கள் பஸ்ஸின் பக்கக் கண்ணாடி அவள் தோளில் அடித்துப் பள்ளத்தில் தள்ளியது. இடது கால் முறிந்து உள்ளே பிளேட் வைத்தார்கள். பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் ஜன்னலில் தலை சாய்த்துத் தூக்கம். எனக்கு அந்த வாரம் இரண்டாம் ஷிப்ட். மாதேஷுக்கு நைட் ஷிப்ட். நைட் முடித்தவர்கள் அதே பஸ்ஸில்தான் வீடு திரும்ப வேண்டும் என்பதால், கம்பெனி கேட்டில் நின்றுகொண்டு டிரைவருக்கு "எங்க வந்துக்கினு இருக்கற?" என்று போன் போடுவது எங்கள் ஆட்களின் வழக்கம்.

"அந்தம்மா திரும்பிப் பாத்துச்சு, ஹேண்டில் ஆடிப்போச்சு, அதுவா வந்து மோதிக்கிச்சு." இதுதான் திருமலை சொன்ன கதை. டீக்கடையில் சொன்னான், கம்பெனி ஆபீஸில் சொன்னான், ஸ்டேஷனிலும் சொன்னான். கெம்பம்மா ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு, "நான் திரும்பவே இல்ல, நேராத்தான் போனேன்" என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். எல்லாரும் தலையாட்டிவிட்டு வெளியே வந்து, பாவம், பயத்தில் ஞாபகம் இல்லை என்றார்கள். அவள் ஊன்றுகோலோடு வீட்டுக்கு வந்தபோது தெருவே அந்தக் கதையை மனப்பாடம் செய்திருந்தது.

அதைக்கூடத் தாங்கிக்கொண்டாள். மாதேஷும், "நீ என்னாத்துக்குடி திரும்பிப் பாத்த?" என்று கேட்டதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. கேட்டது ஒருதரம் அல்ல. சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் கேட்டான். கூட வாழ்கிறவன் தன்னை நம்பாமல் ஒரு டிரைவரை நம்புகிறானே என்று என்னிடம் சொல்லி அழுதாள். அழுது முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அந்த டிரைவரு வாயாலயே உண்மைய வரவெக்கல, என் பேரு கெம்பம்மா இல்ல" என்றாள்.

கால் ஒருவழியாகச் சேர்ந்தது, கொஞ்சம் சாய்ந்து நடந்தாள். சைக்கிளை மறுபடி எடுத்தபோதுதான் புது வினை தெரிந்தது. பின்னால் சத்தம் கேட்டாலே உடம்பு நடுங்கியது. திரும்பிப் பார்க்கலாம் என்றால், பார்த்த நொடியில் ஹேண்டில் ஆடும், பார்க்கிறவர்கள் திருமலை சொன்னது சரிதான் என்பார்கள். செத்தாலும் திரும்புவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பெங்களூரிலிருந்து ஹெல்மெட் போட்ட சைக்கிள்காரர்கள் அணைக்கட்டுப் பக்கம் வருவார்கள். ரங்கம்மா இட்லிக் கடையில்தான் அவர்களுக்குச் சாப்பாடு. கெம்பம்மா அன்றைக்கு அங்கே கூடமாட இருப்பாள். ஒருவர் சைக்கிளின் சீட்டுக்கு அடியில் சிவப்பாக ஒரு லைட் மின்னிக்கொண்டிருந்தது. அது என்ன என்று கன்னடத்தில் கேட்டாள். அது ரேடார் லைட், பின்னால் வண்டி நெருங்கினால் ஹேண்டிலில் இருக்கும் பட்டையில் ஒரு புள்ளி மேலே ஏறும், கீக் என்று சத்தம் வரும், திரும்பிப் பார்க்கவே வேண்டியதில்லை என்றார் அவர். அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும் கெம்பம்மா தோசைக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். "இதை எனக்குக் குடுத்துட்டுப் போங்க" என்று நேராகவே கேட்டாள். அவர் சிரித்துவிட்டார். காலில் இருந்த தழும்பைக் காட்டியதும் சிரிப்பு நின்றது. அடுத்த ஞாயிறு தன்னிடம் சும்மா கிடந்த பழசு ஒன்றைக் கொண்டுவந்து மாட்டிக்கொடுத்து, செல்போன் சார்ஜரில் சார்ஜ் போடவும் சொல்லிக்கொடுத்தார்.

எங்கள் ரோட்டில் அதற்கு முன் யாரும் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. கம்பெனியில் எங்கள் தலைக்கு மேலெல்லாம் கேமராதான். சாப்பாட்டு ஹாலில் கேமரா, லைனில் கேமரா, கேட்டில் கேமரா. அதனால் கறுப்புக் கண்ணாடியும் மின்னும் லைட்டும் கண்ட ஒவ்வொருவனும் அதைக் கேமரா என்றே முடிவுகட்டினான். டீக்கடை அன்புமணி, "என்னாக்கா, கேமராவா?" என்று கேட்டபோது கெம்பம்மா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. டீயைக் குடித்துவிட்டுப் போனாள். எதையும் பெரிதுபடுத்திச் சொல்வது அன்புமணியின் சுபாவம். "அது ரொம்ப நாளாவே அவங்க சைக்கிள்ல இருக்குது, நாமதான் கவனிக்கல" என்று வருகிறவர்களிடமெல்லாம் அளந்தான்.

அதற்குப் பிறகு டிப்பர் லாரிகூட அவளுக்கு இடம் விட்டுப் போனது. அவளும் மரியாதை தெரிந்தவள்தான். கீக் என்றதும் ஓரம் ஒதுங்கிப் பால் வண்டியை விடுவாள், டிராக்டரை விடுவாள். என்ன வண்டி என்று அந்தக் கருவி சொல்லாது, அதைக் காது சொல்லிவிடும். திருமலையின் பஸ் ஹாரன் பாட்டுப் பாடும் ஹாரன். அது கேட்டதும் ரோட்டின் நடுவுக்கு வந்துவிடுவாள். ஒரு பக்கம் கால்வாய், ஒரு பக்கம் பள்ளம், நடுவில் சாய்ந்த காலால் மிதிக்கிற கெம்பம்மா. பஸ் பின்னாலேயே ஊரும். அவன் ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்துபோவான். அவள் தலை ஒரு விரற்கடை திரும்பாது. பாலிஹவுஸ் வாசல் வந்ததும் சாவகாசமாக இடதுபக்கம் ஒடிப்பாள்.

தினம் ஷிப்டுக்கு லேட். சூப்பர்வைசர் எங்களைத் திட்ட, நாங்கள் திருமலையைத் திட்டினோம். எனக்குக் கோபம் வந்தது நிஜம், ஆனால் அவன் முகத்தைப் பார்க்கும்போது உள்ளுக்குள் குளிர்ந்ததும் நிஜம். முன்சீட்டில் உட்கார்ந்திருக்கும் மாதேஷிடம், "அண்ணா, உங்க வூட்டுல கொஞ்சம் சொல்லுங்க" என்று அவன் கெஞ்சுவான். மாதேஷ் வீட்டுக்குப் போய்க் கத்துவான். "ரோடு உங்க அப்பன் வூட்டுதா?" என்று கேட்டுவிட்டு அவள் படுத்துவிடுவாள்.

தை மாதம் ஒரு காலை, பாலத்துக்கு முன்னால் திருமலை பஸ்ஸை நிறுத்திவிட்டு இறங்கி ஓடினான். வேர்த்துப் போயிருந்தான். கெம்பம்மாவும் ஒரு காலை ஊன்றி நின்றாள். நாங்கள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினோம்.

"அக்கா, கேமராவுல அன்னைக்கி வீடியோவும் இருக்குதா?"

"என்னைக்கி?"

"நீங்க வுழுந்தீங்களே, அன்னைக்கி."

அன்றைக்கு அந்தச் சைக்கிளில் உடைந்த ரிஃப்ளெக்டரைத் தவிர ஒன்றும் கிடையாது. கெம்பம்மா அதைச் சொல்லவில்லை. "இருந்தா அதுல என்னா தெரியும்? நான் திரும்பிப் பாத்தது தெரியுமா? நீயே சொல்லு."

"கம்பெனிக்குக் குடுத்துராதீங்கக்கா. லைசென்ஸே போயிரும்."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு. சத்தமா சொல்லு. வண்டியில இருக்கறவங்களுக்குக் கேக்கணும்."

திருமலை எங்களைப் பார்த்தான், அந்த லைட்டைப் பார்த்தான். "நீங்க திரும்பல. நேராத்தான் போனீங்க. நான்தான் போன் பேசிக்கினு இடிச்சிட்டேன்."

அவள் முகத்தில் அப்போது வந்த சந்தோஷத்தை நான் மறக்க மாட்டேன். சீட்டுக்கு அடியிலிருந்து லைட்டைக் கழற்றி அவன் கையில் வைத்தாள்.

"கேமரா எங்க இருக்குது, காட்டு பாக்கலாம். வண்டி வருதுன்னு சொல்லும், அவ்வளவுதான். இதுல ஒரு படமும் வுழாது."

திருமலை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஏமாந்தது புரிந்ததும் அவனுக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "என்னை மட்டும் நிக்க வெச்சிக் கேக்கறீங்களே! போன்ல யாருன்னு உங்க வூட்டுக்காரரையே கேளுங்க. கம்பெனி கேட்டுல இருந்து அவருதான் பேசிக்கினு இருந்தாரு. நீங்க கத்துனது அவருக்கும் கேட்டுச்சு. ரெண்டு பேரு வேலையும் போயிரும், அவதான் திரும்பிப் பாத்தான்னு சொல்லிருன்னு சொன்னதே அவருதான்!"

கெம்பம்மா பஸ்ஸின் முன்கண்ணாடியைப் பார்த்தாள். உள்ளே மாதேஷ் தலையைக் குனிந்துகொண்டான். அவள் முகத்தில் இருந்த சந்தோஷம் வடிந்துபோனது. பிறகு திருமலை கையிலிருந்து லைட்டை வாங்கி மறுபடி மாட்டி, பட்டனை அழுத்தி, அது மின்னுகிறதா என்று பார்த்துவிட்டு ஏறி மிதித்தாள்.

மாதேஷ் இறங்கி ஓடினான். "கெம்பா, நில்லு! சொல்றதைக் கேளு!" கால்வாய் ரோடு முழுக்க அவன் குரல் கேட்டது. கொஞ்ச தூரம் ஓடியவன் இளைத்துப்போய் நடந்தான். அவனுக்குப் பின்னால் எங்கள் பஸ் ஊர்ந்தது. அன்றைக்குத் திருமலை ஹாரன் அடிக்கவில்லை. அவள் ரோட்டின் நடுவிலேயே, கழுத்தை நேராக வைத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தாள்.

பின்னால் நடந்து வருகிறவனுக்கு அந்தக் கருவி சத்தம் போடாது.