கௌரிக்கு முன்னால் சொன்ன பெயர்

வளைகுடாவில், ருவைஸ் லேபர் கேம்ப்பில் என் கட்டிலுக்கு மேல்கட்டிலில் படுப்பவன் ராஜஸ்தான்காரன். பார்மேர் பக்கத்துப் பாலைவனக் கிராமம். கல்யாணமான கையோடு விமானம் ஏறியவன். பங்குனி பிறந்ததிலிருந்து அவனுக்கு ஒரே பேச்சு, கங்கௌர். மண்ணால் செய்த கௌரிக்குப் பெண்கள் தினமும் பூஜை செய்து, கடைசி நாள் ஊர்வலமாகத் தூக்கிப்போய்க் குளத்தில் விடும் திருவிழா அது. அவர்கள் ஊரில் பெண்டாட்டி புருஷன் பெயரைச் சொல்ல மாட்டாள். அந்த நாளில் மட்டும், கௌரிக்கு முன்னால், மற்றப் பெண்கள் கிண்டல் செய்து விரட்ட, பாட்டுக்குள் கோத்து ஒரே ஒரு தடவை சொல்வாள். அவன் மனைவிக்கு இது முதல் கங்கௌர். அவள் வாயால் தன் பெயரை அவன் இதுவரை கேட்டதே இல்லை.

எங்கள் ஊரிலும் 'என்னங்க'தான் என்று என் அரைகுறை ஹிந்தியில் சொன்னேன். ஏதோ சொந்தக்காரன் கிடைத்த மாதிரி கை கொடுத்தான்.

வீடியோ காலில் அதைக் கேட்பதற்காகச் சூப்பர்வைசரைக் காக்கா பிடித்து அரை நாள் லீவு வாங்கி வைத்திருந்தான். அன்று காலை பஸ் ஏறும்போது லீவு மாஃபி, கிடையாது என்றுவிட்டார்கள். பிளான்ட்டை நிறுத்திப் பழுது பார்க்கும் ஷட்டவுன் வேலை. பிளான்ட்டுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. நைட் டியூட்டி முடிந்து படுக்க வந்த என் தலையணைப் பக்கத்தில் போனை வைத்தான்.

"பாய், கால் வந்தா எடு. நான் வர்ற வரைக்கும் சொல்லாம இருக்கச் சொல்லு," என்றான்.

இருட்டுவதற்குள் கௌரியைக் குளத்தில் விட்டாக வேண்டும். அது எனக்கே தெரியும், அவனுக்குத் தெரியாதா? சரி என்றேன்.

பிற்பகலில் போன் அடித்தது. பனியனோடு கிடந்ததால் கேமராவை விரலால் மூடிக்கொண்டு எடுத்தேன். திரை முழுக்கச் சிவப்பும் மஞ்சளுமாக முக்காடுகள். நடுவில் மார்பு வரை முகத்தை மூடிய ஒரு பெண். பேசுவதற்காகத் தொண்டையைச் செருமினேன். அதை அவன் என்றே நினைத்துவிட்டாள். பாட்டு மாதிரி இரண்டு வரி, முடிவில் அவன் பெயர். சூடான பாத்திரத்தை வெறுங்கையால் இறக்கி வைப்பதுபோல் சட்டென்று சொல்லி முடித்தாள். பெண்கள் சிரித்தார்கள். இனி நான் வாயைத் திறந்தால் அவள் மானம் போய்விடும். கேமராவிலிருந்து விரலை எடுக்கவில்லை. கால் கட்டானது.

எனக்குக் கூச்சமும் வரவில்லை, வருத்தமும் வரவில்லை. ஏசி சத்தத்தைக் கேட்டபடி கிடந்தேன். இங்கே சில வருஷம் போனால் எல்லாம் மரத்துவிடுகிறது.

சாயந்திரம் நான் டியூட்டிக்குக் கிளம்பும்போது வந்தான்.

"சொன்னாளா?"

"சொன்னாங்க."

"எப்படிச் சொன்னா?"

அவன் பெயரைச் சொன்னேன். சாப்பிடக் கூப்பிடும் அதே குரலில்தான் எனக்கு வந்தது.

"அச்சா," என்றான். பிறகு, "போன்ல கேட்டது நான்தான்னு அவகிட்டச் சொல்லிடறேன்," என்றான். பூட்ஸைக் கழற்றாமலே மேலே ஏறிப் படுத்துக்கொண்டான்.

போனைப் பெட்டியில் வைத்துப் பூட்டுவதற்கு முன் வராந்தாவில் நின்று வீட்டுக்குப் பேசினேன். மகன் பரீட்சை, கேஸ் சிலிண்டர் எல்லாம் பேசி முடித்த பிறகு, "என் பேரை ஒரு தடவை சொல்லேன்," என்றேன்.



"என்னங்க, ஒடம்புக்கு எதுவும் முடியலையா?" என்றாள்.

ஒன்றுமில்லை, டியூட்டிக்கு நேரமாச்சு என்று வைத்துவிட்டேன்.