கிண்டியிலிருந்து குரோம்பேட்டை வரை

என் மனைவிக்குப் பேச்சு நின்றுபோன காலையில், நான் முதலில் போன் செய்தது தண்ணீர் லாரிக்காரருக்கு.

ஆம்புலன்ஸுக்கு அடிப்பதாகத்தான் நினைத்தேன். அவசரத்தில் விரல் கடைசியாகப் பேசிய எண்ணைத் தொட்டுவிட்டது. வெயில் காலத்தில் எங்கள் குரோம்பேட்டைப் பக்கத்து அஸ்தினாபுரத்தில் யார் போனை எடுத்துப் பார்த்தாலும் கடைசி எண் அதுவாகத்தான் இருக்கும்.

"லோடு நாளைக்குத்தான் சார்."

"வாய் கோணிடுச்சு! கரண்டியைக் கீழ போட்டுட்டா!"

"யாரு, வூட்ல அக்காவா? இன்னா சார் நீ, அத்த என்னாண்ட சொல்லிகினு கீற! போனை வச்சிட்டு நூத்தியெட்டுக்கு அடி சார்!"

அவர் சொன்ன பிறகுதான் அடித்தேன். தெருவில் யார் பதறினாலும் அதை ஒரு மாதத்துக்கு நடித்துக் காட்டிச் சிரிக்க வைக்கிறவன் நான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஸ்கேன் படத்தைக் காட்டி, இடது பக்கம், சற்று முன்னால் ஓர் இடத்தைத் தொட்டார். நான் என் தலையில் அதே இடத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். எல்லாம் சரியாக இருப்பதுபோல்தான் பட்டது.

"மூளையில ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொரு இடம் சார். இது பேச்சைக் கோக்கிற இடம், இங்கதான் ரத்தம் போகல. பக்கத்துலயே வலது கையை ஆட்டுற இடம், அதான் கையும் தளர்ந்திருக்கு. புரிஞ்சிக்கிற இடம் இன்னும் பின்னாடி. அது நல்லா இருக்கு. நீங்க பேசுறதெல்லாம் அவங்களுக்குப் புரியும்."

"எல்லாமேவா?"

"அனேகமா எல்லாமே."

பாவம். இருபத்தாறு வருடமாக என் கடி ஜோக்குகளை அவள் தாங்கியதே, உடனுக்குடன் திருப்பிக் கொடுக்க வாய் இருந்ததால்தான். அவளை வீட்டுக்குக் கூட்டி வந்ததிலிருந்து தினமும் காலையில் கண்ணாடி முன் நின்று, இரண்டு கையையும் தூக்கி, ஈயென்று இளித்து, எனக்கும் பக்கவாதம் வந்துவிட்டதா என்று பார்க்கிறேன். அவள் கட்டிலில் இருந்தபடி அதைப் பார்ப்பாள். ஒன்றும் சொல்லமாட்டாள். அந்த ஒன்றும் சொல்லாததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கிண்டியில் அவளுக்கு வேலை. நன்றாக இருந்த நாளில், சாயங்காலம் மின்சார ரயிலில் வரும்போது தினமும் ஒரு போன் வரும். ஹலோ கிடையாது. "மீனம்பாக்கம் தாண்டியாச்சு, கிளம்புங்க." நான் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு குரோம்பேட்டை ஸ்டேஷனுக்குப் போகவேண்டும். தெரிந்துகொண்டே "யார் பேசுறது?" என்பேன். "உங்க தலையெழுத்து" என்று வைத்துவிடுவாள். நாளுக்கு ஒரு முறையாவது எனக்கென்றே அவளிடமிருந்து ஒரு பதில். அது நின்ற பிறகு அதற்குத்தான் ஏங்கிக் கிடந்தேன்.

பேச்சுப் பயிற்சிக்கு வாரம் இரண்டு நாள் ஒரு பெண் வீட்டுக்கு வருகிறார். "மனப்பாடமா வரிசையா வர்றது மூளையில வேற வழியா வரும் சார். நீங்க ஆரம்பிச்சு விடுங்க" என்றார். நான் "ஞாயிறு" என்றேன். என் மனைவி கடகடவென்று சனி வரைக்கும் போய்விட்டாள். நான் குதித்த குதியில் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்துவிட்டார். "இன்னிக்கு என்ன கிழமைக்கா?" என்று அந்தப் பெண் கேட்டார். உதடு அசைந்தது. கண்ணில் பதில் இருந்தது. வாயில் இல்லை.

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. கிழமையைவிட அவளுக்கு நன்றாகத் தெரிந்த வரிசை ஒன்று இருக்கிறதே! "கிண்டி" என்றேன். "பரங்கிமலை, பழவந்தாங்கல்" என்று தொடங்கிக் குரோம்பேட்டையில் வந்து நின்றாள். அதற்கப்புறமும் ஸ்டேஷன் இருக்கிறது. ஆனால் அவள் இறங்குகிற இடம் குரோம்பேட்டைதான். "சரி, நீ எங்க இறங்குவ?" என்று கேட்டேன். மறுபடியும் உதடு மட்டும் அசைந்தது.

ஒரு நாள் ஆளுக்கொரு ஸ்டேஷனாகச் சொல்லச் சொன்னார் அந்தப் பெண். ஸ்கூட்டரே கதியென்று கிடக்கிறவனுக்கு ரயிலைப் பற்றி என்ன தெரியும்? அவள் "மீனம்பாக்கம்" என்றாள். நான் தெம்பாக "பல்லாவரம்" என்றேன்.

அவள் நிமிர்ந்தாள். இடது கையால் தொடையில் தட்டினாள்.

"இல்ல."

பயிற்சிக்காரப் பெண் பேனாவைக் கீழே வைத்தார். "என்னக்கா சொன்னீங்க?"

"இல்ல… திரி… சூலம்."

"சார், ஸ்டேஷன் பேர் மனப்பாடத்துல வந்திருக்கலாம். அந்த 'இல்ல' அவங்களே தேடி எடுத்தது."

எழுந்த வேகத்தில் டீயை அவர் நோட்டின் மேல் கொட்டினேன். துடைக்கிறேன் என்று என் கண்ணாடியையும் தரையில் போட்டு மிதித்தேன். இத்தனை நாள் ஏங்கியதற்கு எனக்குக் கிடைத்த முதல் வார்த்தை ஒரு மறுப்பு. எனக்கென்றே வந்த மறுப்பு.

மறுநாளிலிருந்து வேண்டுமென்றே தப்பாகச் சொன்னேன். கிண்டிக்கு அடுத்து வண்டலூர் என்றேன். "இல்ல" வந்தது. பல்லாவரத்துக்கு அடுத்து மாம்பலம் என்றேன். அதற்கும் வந்தது. மூன்றாம் நாள் கண்டுபிடித்துவிட்டாள். என்னை ஒரு பார்வை பார்த்து வாயை இறுக மூடிக்கொண்டாள்.

"ஒரே ஒரு 'இல்ல' சொல்லேன்" என்று கெஞ்சினேன். இன்று தப்பான பதிலுக்குக் காட்டாங்குளத்தூர் ஸ்டேஷன் வரைக்கும் கூடப் போய்ப் பார்த்தேன். வாயின் ஒரு ஓரம் மட்டும் லேசாக ஏறியது. சிரிப்புக்கு மூளையில் எந்த இடம் என்று டாக்டரைக் கேட்கவேண்டும்.

இப்போதைக்கு, வாழ்க்கையில் முதல்முறையாக வாயை மூடிக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அடுத்த வார்த்தை எதுவானாலும் வரட்டும். திட்டாக இருந்தால் இன்னும் நல்லது.